இரண்டு விரல் இடம்

அப்பாவை அடக்கம் செய்ய வேண்டிய நாளின் காலையில், சமையலறையில் நின்றுகொண்டு அக்கா அவனுக்குக் கெடு வைத்தாள்.

“எல்லாம் முடிஞ்சதும் அம்மா என்கூட வர்றாங்க. பாப்பாவையும் கூட்டிட்டுப் போறேன். அவ துணிமணியைப் பையில எடுத்து வச்சாச்சு.”

அவன் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தான். ஏற்கெனவே கழுவிய கோப்பை.

“எதுக்கு?”

“எதுக்கா? இந்த வீட்டுல வாயைத் தொறந்து பேசிட்டிருந்த ஒரே ஆளு அப்பா. அவரும் போயாச்சு. நீ வேணும்னா சுவரோட குடித்தனம் நடத்து. அஞ்சு வயசுப் புள்ளையால முடியாது.”

“அவ என் பொண்ணுக்கா.”

“உன் பொண்ணுதான். அவ அம்மா செத்துப்போனதை இன்னும் அவகிட்ட சொல்லாம இருக்கிறதும் நீதான். இன்னைக்குச் சொல்லு. உன் வாயால சொல்லு. சொல்லிட்டேன்னா நானே பையைப் பிரிச்சு அலமாரியில அடுக்குறேன். இல்லேன்னா காரில ஏத்திடுவேன். அப்புறம் என்மேல கோவிச்சுக்காதடா.”

அவன் கோப்பையைக் கவிழ்த்து வைத்தான். அக்கா சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அவன் மனைவி போன வருடம் இறந்தாள். அன்று மாலை பக்கத்து வீட்டிலிருந்து மகளை அழைத்து வந்தபோது, “அம்மா எங்கே?” என்று அவள் கேட்டாள். “ஆஸ்பத்திரியில இருக்காங்க” என்றான். முந்தின நாள் வரை அதுதான் பதில். நாக்குக்குப் பழகிய பதில், தானாக வந்துவிட்டது. மறுநாள் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தான். மறுநாளும் அதையே நினைத்தான். இப்போது பேருந்து ஆஸ்பத்திரி வழியாகப் போகும்போதெல்லாம் குழந்தை ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு மேல்மாடிகளைப் பார்த்து டாட்டா காட்டுகிறாள். அப்போதெல்லாம் அப்பா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார்.

ஒரே ஒரு தடவை கேட்டார். “நான் சொல்லட்டாடா?”

“வேண்டாம்ப்பா. நானே சொல்றேன்.”

“சரி. உன் வண்டி. தள்ளுறவன்தான் வழி சொல்லணும்.”

அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. மற்ற எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிற மனிதர், இந்த ஒன்றில் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டார்.

அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேலை. சொந்த ஊரில் அவர் பிழைப்பு வேறு. இந்த நாட்டுக்கு வந்தது வேறு ஒரு வேலையை நம்பி. அழைத்தவர் விமான நிலையத்துக்கே வரவில்லை. கையில் ஒரு பெட்டி, காலில் ஊருக்குப் பொருந்தாத செருப்பு. விசாரித்து விசாரித்து ஆஸ்பத்திரியின் பின்வாசலில் போய் நின்றார். தள்ளுவதற்குப் பாஷை எதற்கு என்று சேர்த்துக்கொண்டார்கள்.

பாஷை வேண்டியிருந்தது. சூப்பர்வைசர் சொன்னது ஒரு வார்டு, அப்பா போய் நின்றது இன்னொரு வார்டு. கண்ணுக்கு மருந்து விட வந்தவரைக் கால் கட்டுப் போடும் அறையில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திருதிருவென்று விழித்த கதையை வீட்டில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் கால் கட்டு கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போகும்.

அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். இடது, வலது, மேடு, கதவு, லிஃப்ட், குளிரும். இவ்வளவு வார்த்தைகளை மட்டும் முதலில் கற்றுக்கொண்டு, தள்ளிக்கொண்டு போகும்போது நோயாளிகளிடமே சொல்லிப் பழகினார். இப்போது இடது பக்கம் திரும்புகிறோம். இப்போது ஒரு சின்ன மேடு வரும். இப்போது லிஃப்ட், கொஞ்சம் குலுங்கும்.

“ஏம்ப்பா அவங்ககிட்ட?” என்று அவன் சின்ன வயதில் கேட்டான்.

“அவங்கதானடா படுத்திருக்காங்க. எந்திரிச்சு ஓட முடியாது. என் பேச்சைக் கேட்டுச் சிரிச்சாலும் கூரையைப் பாத்துத்தான் சிரிக்கணும்.”

யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச காலம் போனதும் நோயாளிகள் அவரைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். படுத்துக்கொண்டு போகிறவருக்கு விளக்கும் கூரையும்தான் தெரியும். எங்கே போகிறோம், எப்போது தூக்கிப் போடும், ஒன்றும் தெரியாது. யாராவது ஒருவர் வழி சொல்லிக்கொண்டே வந்தால் பாதி பயம் இறங்கிவிடும். பாஷை பழகுவதற்காகத் தொடங்கியது, அப்பாவிடம் பழக்கமாகத் தங்கிவிட்டது.

இன்னொரு பழக்கம், பெல்ட். ஸ்ட்ரெச்சரில் படுத்தவரைப் பெல்ட் போடாமல் ஒரு அடி நகர்த்த மாட்டார். பெல்ட்டை மாட்டிவிட்டு, அதன் அடியில் இரண்டு விரல் விட்டுப் பார்ப்பார். விரல் நுழையாவிட்டால் இறுக்கம். மூன்றாவது விரலும் நுழைந்தால் தளர்ச்சி.

இரண்டையும் வீட்டுக்குக் கொண்டு வந்தார். பிள்ளைகளின் ஷூவில், ஹெல்மெட் வாரில், பள்ளிக்கூடப் பையின் பட்டையில், எல்லாவற்றிலும் அந்த இரண்டு விரல் நுழைந்து பார்க்கும். அம்மாவை வண்டியில் உட்கார வைத்து, “இப்ப வலது பக்கம் திரும்புறோம்” என்பார். “எனக்கும் கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு” என்பாள் அம்மா. பல்லைப் பிடுங்கக் கூட்டிப் போனால் டாக்டருக்கு முன்னால் அவரே, “இப்ப ஊசி, எறும்பு கடிக்கிற மாதிரி இல்ல, அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்திதான்” என்பார். பொய் சொல்ல மாட்டார். அதுதான் அவரிடம் சங்கடம்.

அவன் கல்யாணத்தன்று காலரின் பித்தானைப் போட்டுவிட்டு இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். “இனிமே வளைவு ஜாஸ்திடா. ஹாரன் அடிச்சுட்டே போ” என்றார். மணப்பெண்ணுக்கு அது காதில் விழுந்துவிட்டது. மேடையில் நிற்கும் வரை சிரிப்பை அடக்கிக்கொண்டே வந்தாள். கல்யாணப் புகைப்படங்கள் எல்லாவற்றிலும் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஒரே கூட்டாளி, சரக்கு லிஃப்ட்டை ஓட்டியவர். அவரும் தமிழர். பிள்ளைகளுக்கு லிஃப்ட் மாமா. அவர் அப்பாவை டிரைவர் என்றுதான் கூப்பிடுவார். பிணவறைக்குப் போகிற ஸ்ட்ரெச்சரோடு அப்பா லிஃப்ட்டில் ஏறி, “இப்ப கீழ இறங்குறோம், வயித்தைப் பிரட்டும்” என்று சொன்னபோது லிஃப்ட் மாமா தலையில் அடித்துக்கொண்டாராம்.

“யோவ் டிரைவர், அவரு போய்ச் சேர்ந்தாச்சுய்யா. யாருக்குய்யா சொல்ற?”

“அவருக்கு இந்த வழி புதுசுல்ல?”

லிஃப்ட் மாமா அன்றிலிருந்து அப்பாவைக் கிண்டல் செய்வதை நிறுத்தவும் இல்லை, லிஃப்ட்டை முன்போலத் தடாலென்று நிறுத்தவும் இல்லை.

லிஃப்ட்டுக்குள் அப்பா ஒரு வரி ஜெபம் செய்வார். வாய்க்குள்ளேயே, தமிழில். “ஆண்டவரே, இவரை வந்த வழியே திரும்பக் கூட்டிட்டுப் போற வேலையை எனக்குக் கொடும்.” அவ்வளவுதான். கேட்டதும் சிறிய வேலைதான், தள்ளுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மரச்சாமான் கிடங்குக்கு மேலே வாடகைக்கு எடுத்த ஜெபக்கூடத்துக்கு முதல் ஆளாகப் போய் நாற்காலி போடுவார். ஆராதனை முடிந்ததும் யாருக்கு எந்த டாக்டர், என்றைக்கு என்று விசாரிப்பார். புதிதாக வந்தவர்கள், பாஷை தெரியாதவர்கள், தனியாக இருக்கிற முதியவர்கள். விடுமுறை நாளில் அவர்களைத் தன் பழைய வேனில் ஏற்றிக்கொண்டு போய்க் காத்திருப்பு அறைகளில் உட்கார்ந்திருப்பார். “உங்கப்பா லீவு நாள்லயும் ஆஸ்பத்திரிக்கே போறாரு. வேற பொண்டாட்டி கிண்டாட்டி இருக்காளான்னு பாரு” என்பாள் அம்மா. சொல்லிக்கொண்டே அவருக்குச் சாப்பாட்டு டப்பாவை மூடிக் கொடுப்பாள்.

அப்பா ஓய்வு பெற்ற பிறகுதான் மருமகள் அதே ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அவள் படுத்திருந்த நாட்களில் அப்பா தினமும் வந்தார். அந்த ஒரு வரி ஜெபத்தை லிஃப்ட்டில் சொன்னாரா, வராந்தாவில் சொன்னாரா, தெரியாது. சொன்னார்.

அவள் போன அன்று, கீழே கொண்டுபோக ஒரு இளைஞன் ஸ்ட்ரெச்சரோடு வந்தான். அப்பா அவனிடம் ஏதோ கேட்டார். இளைஞன் விலகி நின்றான். அப்பா பெல்ட்டைப் போட்டார். இரண்டு விரல் விட்டுப் பார்த்தார். கொஞ்சம் தளர்த்தினார். பிறகு தள்ள ஆரம்பித்தார்.

“இடது பக்கம் திரும்புறோம்மா. இப்ப ஒரு மேடு. லிஃப்ட் வருது. லிஃப்ட் மாமாதான் ஓட்டுறாரு, பயப்படாத. இங்க கொஞ்சம் குளிரும்மா.”

அவன் பின்னால் நடந்து வந்தான். அவளோடு வாழ்ந்த காலத்தில் எவ்வளவோ இருக்க, அவனுக்கு இப்போது துல்லியமாக நினைவிருப்பது அந்தச் சக்கரச் சத்தமும் அந்தக் குரலும்தான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டான். “உங்க ஆண்டவர்கிட்ட கேட்டீங்களே. என்ன ஆச்சு?”

“கொடுக்கல” என்றார் அப்பா. அடுத்த ஞாயிறு வழக்கம்போல நாற்காலி போடப் போனார். அவன் போகவில்லை. வா என்றும் அவர் சொல்லவில்லை.

இப்போது அதே ஜெபக்கூடத்துக்கு அப்பாவைக் கொண்டுபோக வேண்டும்.

மாடிக்குப் போகக் கிடங்கின் பின்பக்கம் சரக்கு ஏற்றும் சாய்தளம் உண்டு. சவப்பெட்டிக் கடைக்காரர் சக்கரம் வைத்த வண்டியில் பெட்டியை இறக்கினார். கறுப்புக் கோட்டு, மெல்லிய குரல். இந்த நாட்டுக்காரர். தள்ளுவதற்கு அவருடைய ஆட்கள் முன்னால் வந்தார்கள்.

“நகருங்க தம்பி” என்றார் லிஃப்ட் மாமா. அவரோடு ஆஸ்பத்திரியில் அப்பாவோடு வேலை பார்த்த பழைய ஆட்கள் சிலர் நின்றார்கள். எல்லாருக்கும் தலை நரைத்து, முழங்கால் தேய்ந்திருந்தது. “எங்க ஆளை நாங்க தள்ளுறோம்.”

வண்டி சாய்தளத்தின் அடிவாரத்துக்குப் போனதும் லிஃப்ட் மாமா கையை உயர்த்தினார். “நில்லு, நில்லு. ஏத்தம். தலை முன்னாடி போகணும்.”

“பெட்டிக்குள்ள இருக்காரு மாமா” என்றாள் அக்கா.

“பெட்டிக்குள்ளன்னா? கால் மேல, தலை கீழன்னா யாருக்கும் ரத்தம் தலைக்கு ஏறும்மா.”

ஏற்றத்தில் தலை முன்னால் என்பது ஆஸ்பத்திரி விதி. குறுகலான சந்தில் அவர்கள் பெட்டியை முன்னும் பின்னும் இழுத்துத் திருப்பினார்கள். மாலை வைத்திருந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். போதகர் வேதப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு மரக்கட்டிலின் மேல் ஏறி நின்றார். திருப்பி முடித்த பிறகு லிஃப்ட் மாமா மறுபடியும் கையை உயர்த்தினார்.

“பெல்ட் எங்க?”

பெல்ட் இல்லை. சவப்பெட்டிக்குப் பெல்ட் கிடையாது.

“பெல்ட் போடாம டிரைவரை மேட்டுல ஏத்துறதா? எந்திரிச்சு வந்து கேப்பாருய்யா.” அவர் கோட்டை விலக்கித் தன் இடுப்புப் பெல்ட்டை உருவினார். அது எட்டவில்லை. இன்னொருவர் தன்னுடையதை உருவிக் கொடுத்தார். இரண்டையும் கோத்துப் பெட்டியின் குறுக்கே வண்டியோடு சேர்த்து இறுக்கினார்கள். லிஃப்ட் மாமா இரண்டு விரலை அடியில் விட்டுப் பார்த்துத் தலையாட்டினார். மகள் அவன் விரலைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடு வருது டிரைவர். பிடிச்சுக்கோ.”

ஆராதனை முடிந்து, கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழிக்குள் இறக்கும் சட்டத்துக்கு மாற்றியபோது, பெல்ட்டை வண்டியிலிருந்து கழற்றிப் பெட்டியைச் சுற்றிப் பத்திரமாகக் கட்டியவர் கடைக்காரர்தான். கறுப்புக் கோட்டோடு குனிந்து, மரியாதையாக. பெட்டி இறங்கியது. மண் விழுந்தது. கடைசிப் பாட்டு முடியும்போதுதான் லிஃப்ட் மாமாவுக்கு உறைத்தது. ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு கடைக்காரரிடம் போனார். போய்க் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

“நம்ம வழக்கம்னு நினைச்சுட்டாராம்” என்றார் அடக்கமான குரலில். “நம்ம சனங்க பெல்ட் போட்டுத்தான் புதைப்பாங்கன்னு நினைச்சு, கேட்டா தப்பாகிடும்னு கேக்கலையாம்.”

பக்கத்திலிருந்த இன்னொருவரும் அப்போதுதான் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மகள் சத்தமாகவே சிரித்தாள். “தாத்தா இனிமே விழவே மாட்டாரு!”

கூட்டம் கலைந்தது. அக்கா காரின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். உள்ளே அந்தப் பை இருந்தது. பூப்போட்ட சின்னப் பை.

“அப்பா” என்றாள் மகள். தாத்தா அவளைச் சூப்பர்வைசர் என்றுதான் கூப்பிடுவார். அந்த வீட்டில் எல்லாரையும் அதிகாரம் செய்கிறவள் அவள்தான். இப்போது அந்த அதிகாரம் இல்லாத குரலில் கேட்டாள். “தாத்தாவும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவாரா? அம்மா மாதிரி?”

எங்கிருந்து ஆரம்பிப்பது? அப்பா பிணவறையிலிருந்து ஆரம்பித்ததே இல்லை. அடுத்த திருப்பத்திலிருந்துதான் ஆரம்பிப்பார்.

அவன் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

“பாப்பா, இப்ப ஒரு பெரிய மேடு வருது.”

அவள் சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தாத்தாவிடம் பழகிய பழக்கம்.

“ரொம்பப் பெருசா?”

“ரொம்பப் பெருசு. தூக்கிப் போடும். நான் பிடிச்சிருக்கேன்.” மூச்சை இழுத்தான். “தாத்தா வரமாட்டாரு. செத்துப்போயிட்டாரு. அம்மாவும் ஆஸ்பத்திரியில இல்ல. அம்மா போன வருஷமே செத்துப்போயிட்டாங்க. நான்தான் உன்கிட்ட சொல்லாம இருந்துட்டேன்.”

அவள் அவன் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப நான் யாருக்கு டாட்டா காட்டினேன்?”

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. “தெரியலம்மா” என்றான்.

அவள் யோசித்தாள். பிறகு, “அம்மாவுக்குப் பெல்ட் போட்டீங்களா?”

“போட்டோம். தாத்தா போட்டாரு.”

“இறுக்கமாவா?”

“இல்ல. ரெண்டு விரல் விட்டுப் பாத்தாரு. கொஞ்சம் இறுக்கமா இருந்துச்சு. தளர்த்திவிட்டாரு.”

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அழும்போது அவன் கையை விடவில்லை. நகம் உள்ளங்கையில் பதிந்தது. வலித்தது. வலிக்கிறது என்பதே அவனுக்குப் புதிதாக இருந்தது.

“அம்மா எங்க இப்ப?”

“இங்கதான். கூட்டிட்டுப் போறேன்.” அவனும் அன்றைக்குப் பிறகு அங்கே போனதில்லை. எழுந்தான். “இப்ப இடது பக்கம் திரும்புறோம். இங்க ஒரு கல்லு இருக்கு, காலைத் தூக்கி வை. புல்லு ஈரமா இருக்கு, வழுக்கும்.”

தூரத்தில் கார்க் கதவு மூடும் சத்தம் கேட்டது.

அவர்கள் திரும்பி வந்தபோது அக்கா முன் இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்கு சிவந்திருந்தது. “அலமாரியில எந்தத் தட்டுடா அவளுக்கு?” என்றாள், அவனைப் பார்க்காமல்.

“கீழ்த்தட்டு. அவளுக்கே எட்டுற மாதிரி.”

பின் இருக்கையில் அம்மாவுக்குப் பக்கத்தில் மகளை உட்கார வைத்துப் பெல்ட்டை மாட்டினான். கதவைச் சாத்தப் போனான்.

“விரல் விட்டுப் பாக்கல” என்றாள் சூப்பர்வைசர். குரல் கரகரத்தது, ஆனாலும் அதிகாரம் திரும்பியிருந்தது.

இரண்டு விரல் விட்டுப் பார்த்தான். இடம் இருந்தது. அக்காவிடம் சாவியை வாங்கி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து திருப்பினான்.

“எந்த வழியாப்பா போறோம்?”

“ஆஸ்பத்திரி வழியா. வேண்டாம்னா சுத்திப் போகலாம்.”

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

“சுத்த வேண்டாம். ஆனா ஆஸ்பத்திரி வர்றதுக்கு முன்னாடியே நீ சொல்லணும்.”

“சொல்றேன்” என்றான். “இப்ப வலது பக்கம் திரும்புறோம்.”